ஈர நிலத்தில் ரோலர் போட்ட கதை

என் பாசமுள்ள அத்தானுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்கூட்டியே சொன்னேன். ஒக்டோபரிலேயே, வானொலியில் வானிலை வாசிக்கிற பெண் வாயைத் திறக்க முன்னம், லண்டனில் மிச்சம் என்கிற எங்கள் பகுதியின் பஸ் நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேருக்கும் சொன்னேன்: இந்த மாரியில் மழை விடாது, எங்கள் மைதானம் குளமாகும் என்று. குளமாகியது. அக்காவைக் கேட்டால், "நீ சொன்னது பனி கொட்டும் எண்டெல்லோ" என்பா. அவவுக்கு ஞாபகம் குறைவு.

நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. உங்கள் நினைவு மலரில் ஒரு பக்கம் எழுதச் சொல்லி அக்கா கேட்டா. எட்டாம் வகுப்போடு நின்றவன் என்னத்தை எழுதுவான் என்று சொந்தக்காரர் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நீங்கள் பன்னிரண்டு வருடம் புல் வளர்த்த அந்தக் கவுன்சில் மைதானத்தை, உங்களுக்குப் பிறகு பார்க்கிறவன் நான்தான்.

அந்தப் புல்லைப் பற்றித்தான் எழுதவேண்டியிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தான்.

மாசி மாதம் முழுக்கக் கீழ்ப்பக்க உதைபந்தாட்டத் திடலில் தண்ணீர் நின்றது. கோல் கம்பத்துக்கு முன்னால் ஐம்பது வாத்துகள் நீந்தின. குறைந்தது எட்டு. தண்ணீர் வற்றியபோது, எருமை உழக்கிய மாதிரிக் குழியும் மேடுமாகக் கிடந்தது நிலம். நான் பெரிய ரோலரை எடுத்தேன். இரண்டு யானை நிறை அது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, "மாரியிலை நிலம் குழம்பினால் யோசியாதை, பெரிய ரோலரைப் போடு" என்று நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஊரில் பள்ளிக்கூடத்துக் கிரிக்கெட்டுக்கு நாங்கள் செய்ததும் அதுதானே? களிமண்ணை நனைத்து, உருட்டி, மேலே தும்புப் பாய் விரித்தோம். பின்னேரத்துக்குள் கல்லாகிவிடும்.

முதல் நாள் திடல் கண்ணாடி போலிருந்தது. மிச்சம் பகுதிச் சனம் முழுக்க வந்து பார்த்தது. சரி, நாயோடு நடக்கிற இரண்டு பேர் பார்த்தார்கள். ஒரு கிழமையில் புல் மஞ்சளாகியது. அடுத்த மழைத் தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே நின்றது.

மேற்பார்வையாளர் பிரையன் வந்தார். உங்களோடு பன்னிரண்டு வருடம் தேத்தண்ணி குடித்த மனிசன். நான்கு பல்லுள்ள இரும்பு முள்ளை நிலத்தில் குத்தி ஒரு கட்டியைப் பெயர்த்தார். நீலம் பாய்ந்த சாம்பல் நிறம். அழுகிய முட்டை மணம். அவர் இங்கிலீசில் கேட்டதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"மண் மூச்சுவிட வழியில்லாமல் கிடக்கு. ஈரத்திலை ரோலர் போடச் சொல்லி உனக்கு ஆர் சொன்னது?"

"அத்தான். சாகக் கிடக்கேக்கை சொன்னவர்."

பிரையன் தொப்பியைக் கழற்றினார்.

"அந்த மனிசன் அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டாரே. கடைசியிலை அறிவு தடுமாறியிருக்கும் போலை. பாவம்."

என் வேலை இன்னும் நிரந்தரமில்லை. பழைய பொறுப்பாளர் பிழையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார் என்று பிரையன் கவுன்சிலுக்கு எழுதினால் என்னை வைத்திருப்பார்களாம். அந்தக் கடிதம் திங்கட்கிழமை போகிறது. சாமான் கொட்டில் கதவில் உங்கள் பெயர்ப்பலகை ஒன்று போடுவோம் என்று பிரையன் முன்பு சொன்னவர். இப்போது அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

ஐந்து கிழமையாகக் குத்துகிறேன், அத்தான். சாண் இடைவெளியில் முள்ளை இறக்கி, மெல்ல ஆட்டி, துளைக்குள் மணல் நிரப்பி, புல் விதை தூவி. ஒரு லட்சம் துளை. ஒருநாள் அக்கா பிளாஸ்கில் கோப்பி கொண்டு வந்தா.

"ரோலர் போட ஒரு நாள். திருத்த ஐஞ்சு கிழமையோடா?"

"இந்த வேலையை லண்டனிலை என்னை விட்டால் செய்ய ஆள் இல்லை, அக்கா."

"அது சரி. குழப்பிறதுக்கும் ஆள் இல்லை."

பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டா: "அவர் உன்னட்டை அப்பிடியே சொன்னவர்?"

"ஓம் அக்கா. நீங்கள் தேத்தண்ணி வாங்கப் போன நேரம்."

"வீட்டுப் பூச்சாடியிலையே ஈரமெண்டால் விரல் வைக்க விடாத மனிசன்" என்று மட்டும் சொல்லிப் போட்டு, மூடியை இறுக்கிக்கொண்டு போனா.

அன்றிலிருந்து பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து மைதானத்தைப் பார்க்கப் பயம். திருப்பம் வந்ததும் கண்ணை மூடிக்கொள்கிறேன். இறங்கிப் போய் முழங்காலில் இருந்து தேடுகிறேன். நடுப்பகுதியில் மயிர் போலப் பச்சை தெரிகிறது. கோல் பக்கம் இன்னும் வெறும் மண். முளைக்குமா? நீங்கள் என்றால் மண்ணை அள்ளி மணந்து பார்த்தே சொல்லியிருப்பீர்கள். எனக்கு மணக்கத் தெரியாது. தெரியும் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இந்தப் பக்கம் சனிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. அச்சில் ஏறினால் நானே நினைத்தாலும் இல்லை என்று சொல்ல ஏலாது. அதற்காகத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் ரோலரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் கையைப் பிடிக்கவும் இல்லை. நான்தான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு என் வீரக் கதைகளை அளந்துகொண்டிருந்தேன். நீங்கள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு கிடந்தீர்கள். உங்கள் அறிவு கடைசி மட்டும் தெளிவாகத்தான் இருந்தது. ரோலர் என் யோசனை.

திங்கள் காலை, பிரையன் கடிதத்தை உறையில் போட முன்னம், இதை அவருக்குச் சொல்வேன். வேலை போகலாம். ஆனாலும் ஒரு சொல் கூட்டாமல் சொல்வேன், அத்தான்.

அக்காவின் ஒரே தம்பி,
உங்கள் மச்சான் சின்னராசா