மிச்சமாகும் கயிறு

அன்புள்ள லிசார்தோவுக்கு, நிவேஸ் எழுதுவது.

நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் நம் மகள் யாமிலேயின் இருமலும் குறைந்தனவா? மலைக் குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே பெரிதாக ஒன்றுமில்லை. செவ்வாயன்று நண்டுக் கட்டு ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். பன்னிரண்டு நண்டுக்கு ஒரு கயிறு. கடை போட்ட நாளிலிருந்து அதே நீளம்தான் வெட்டித் தருகிறேன். அன்றெல்லாம் முடிச்சுப் போடவே நுனி போதாது. இப்போது முழங்கை நீளம் தொங்குகிறது.

"கயிறு வளந்திடுச்சா, எலியோதோரோ?" என்றேன்.

நண்டு பிடிக்கிற அந்த மனுஷன் சிரித்தார். "பெரிசு பெரிசா கேட்டு வாங்கினது நீங்கதானே, முதலாளியம்மா! வளராம நின்னது தப்பிச்சுக் குஞ்சு பொரிச்சுச்சு. இதெல்லாம் நீங்க வேண்டாம்னு ஒதுக்கினதோட பேரப்புள்ளைங்க!"

சிறியதை விட்டுவிடச் சொல்லும் சட்டத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை. அதுதான் உறுத்துகிறது. நண்டு பிடிக்கும் வடக்கு ஓடையை மூன்று வருஷம் மூட அதிகாரிகள் கையெழுத்துக் கேட்டார்கள். மற்ற வியாபாரிகள் நழுவினார்கள், நான் போட்டேன். வியாபாரம் பாதியாகும், சமாளிப்பேன். முன்பு அந்தக் கரையில் நின்றால் வளைக்குள் நண்டு கீறுவது கேட்கும். இப்போது என் செருப்புச் சத்தம் மட்டும்தான். பெரியது திரும்பி வருமா என்று கேட்டால் எலியோதோரோவும் சிரிப்பதில்லை.

வறுத்த சோளம் கொஞ்சம் அனுப்புங்கள். யாமிலேயின் பாதத்தைக் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டும் அனுப்புங்கள், செருப்பு வாங்கத்தான். போன வருஷத்துக் காகிதம் சுவரில் இருக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், பெரிதாகியிருக்கிறதா என்று.

கடிதம் கொண்டுவரும் படகு கிளம்புகிறது.

நிவேஸ்