பத்தாயிரம் வருஷத்துக்கு ஒரு நட்சத்திரம்

12 ஜூன் 1988, கல்லங்குறிச்சி

பாப்பா பிறந்து ஒரு மாதம். அம்மா இல்லாத எனக்குப் பிரசவம் பார்த்ததெல்லாம் மாமியார்தான். பெங்களூரில் பாதியில் விட்ட ஆய்வுக் காகிதங்களை இன்று எடுத்தேன். “பச்சை ஒடம்பு, கண்ணு கெட்டுடும்” என்று பிடுங்கி வைத்துவிட்டார்.

18 ஜூன்

பெரம்பலூரில் வாத்தியாராக இருக்கும் என் வீட்டுக்காரர் சனிக்கிழமை பஸ்ஸில் வந்தார். “இவ அப்படி என்னதான்டா எழுதுறா?” என்று அத்தை, நான் திரும்ப எடுத்துக்கொண்ட காகிதங்களைக் காட்டி அவரிடம் கேட்டார். நானே சொன்னேன் — கேலக்ஸியின் நடுவே பெரிய கருந்துளை இருந்தால், மிகவும் கிட்டப் போகும் நட்சத்திரத்தைக் கிழித்துவிடும். அது எத்தனை வருஷத்துக்கு ஒன்று என்பதுதான் என் கணக்கு.

“அடப் பாவமே” என்றார் அத்தை, நட்சத்திரத்துக்காக.

எனக்கு நூறு வருஷத்துக்கு ஒன்று என்று வருகிறது. அவ்வளவு அடிக்கடி என்றால் இதற்குள் யாராவது பார்த்திருப்பார்களே; தப்பாகத்தான் இருக்கும். எங்கே?

4 ஜூலை

பேராசிரியர் கடிதம். டிசம்பருக்குள் ஆய்வேடு தராவிட்டால் பதிவு ரத்து. கைக்குழந்தையோடு தனியா எப்படிப் போறது? இவருக்கும் மாற்றல் கிடைக்காது. வேண்டாம்னு எழுதிடலாமா? அஞ்சு வருஷம் —

அழுதேன். அத்தை பாப்பாவை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

9 ஜூலை

தப்பு தெரிந்துவிட்டது! கருந்துளையை நெருங்கும் பாதையில் உள்ள நட்சத்திரங்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும். மற்றவை ஒன்றையொன்று இழுத்து, மெல்ல மெல்லத் தடம் மாறித்தான் அந்தப் பாதைக்கு வரவேண்டும். நான் உடனுக்குடன் வந்துவிடுவதாகப் போட்டிருந்தேன். திருத்தினால், ஒரு கேலக்ஸியில் ஏறக்குறைய பத்தாயிரம் வருஷத்துக்கு ஒன்று.

“அதுவரைக்கும் யாரு உக்காந்து பாக்குறது?” என்றார் இவர்.

“பத்தாயிரம் கேலக்ஸியப் பாத்தா வருஷத்துக்கு ஒண்ணு மாட்டும்ங்க.”

சிரித்தார். பிறகு, “முடிச்சிடு கண்ணகி” என்றார். எப்படி என்றுதான் தெரியவில்லை.

14 ஜூலை

அத்தை கறவை மாட்டைத் தன் தங்கை ஆண்டாயி வீட்டில் விட்டுவிட்டு வந்தார். ஏன் என்றேன்.

“நீ படிக்கப் போனா புள்ளைய யாரு பாக்குறது? நானும் வரேன்.”

திருச்சியையே தாண்டாதவர்!

“சனிக்கெழம வந்தா இவருக்குச் சோறு, அத்தை?”

“ஏன், அவனுக்குக் கையில்லையா?”

28 நவம்பர், பெங்களூர்

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, “முடிஞ்சிடுச்சு அத்தை, இனிமே ஊருக்குப் போலாம்” என்றேன்.

பாப்பாவுக்குக் குல்லா மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “இப்பவேவா? போன வாரந்தான் இந்த ஊரு பஸ்ஸே எனக்குப் புடிபட்டுச்சு. வேற கணக்கு ஒண்ணும் இல்லியா ஒங்கிட்ட?”