ரூத் டீச்சரின் பழைய டிஸ்க்

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று போனில் நீ வாயைப் பொத்திக்கொண்டு இருமியது எனக்குக் கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டு. நான் நன்றாக இருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

கம்ப்யூட்டர் கடையில் ஒரு தவறு செய்துவிட்டேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்று எழுதுகிறேன். நீ பயப்படாதே. ரூத் டீச்சரின் கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி என்கிற புது டிஸ்க் போடும் வேலை. கம்ப்யூட்டர் ஓடத் தேவையான எல்லாவற்றையும் சுருக்கி வைத்திருக்கும் பெரிய இமேஜ் ஃபைலை விரித்து, புது டிஸ்க்கில் எழுத வேண்டும்; எழுதினால் அதில் முன்பு இருந்ததெல்லாம் அழிந்துவிடும். அதே அளவுள்ள அவருடைய பழைய டிஸ்க்கும் பக்கத்தில் மாட்டியிருந்தது. எழுதுவதற்கு முன் எந்த டிஸ்க் என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்பது ஆலன் அண்ணன் கடையில் வழக்கம். ஆட்கள் நின்றதால் கூச்சப்பட்டு மனதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். பழைய டிஸ்க்கில் எழுதிவிட்டேன். இறந்துபோன அவர் கணவர் பாடிய பாட்டுகள் அதில்தான் இருந்தன.

அண்ணன் இரண்டு நாள் அவற்றை மீட்கப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. "டிஸ்க்கு தானாப் போயிருச்சுன்னு நான் சொல்லிக்கிறேன். நீ உள்ள இரு தாயி" என்றார்.

சனிக்கிழமை பாண்டீஸ்வரி அக்கா மதுரைக்கு வரும்போது உன் பழைய சேலை ஒன்றைக் கொடுத்துவிடு, போர்த்திக்கொள்ள. துவைக்க வேண்டாம்.

கடை திறக்க நேரமாகிவிட்டது. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன். நேற்று டீச்சர் வந்ததுமே, "அவுக பாட்டெல்லாம் பத்திரமா இருக்குல்ல?" என்று கேட்டார். அண்ணன் வாய் திறப்பதற்குள் நான் வெளியே வந்து, "நான்தான் டீச்சர் அழிச்சுட்டேன்" என்றேன். டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்து போகும்வரை நானும் பக்கத்திலேயே நின்றேன்.

உன் மகள்
முத்துமீனா