இறக்கத்தில் கைவிட்ட கியர்

மார்ச் 4, செவ்வாய்

பொகவந்தலாவைக்குப் போய் வந்தேன். தோட்டத் தொழிலாளர் லயத்துக் கூரைத் தகடுகள் காற்றில் பறந்த செய்தி. மனைவி நாகலெட்சுமி கட்டித் தந்த ரொட்டியை வண்டியிலேயே சாப்பிட்டேன்.

வேன் சரியில்லை. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் இரைந்துகொண்டு ஏறுவதுதான் அதன் பழக்கம். இப்போது இரைச்சல் தொடங்கியதுமே தானாக மூன்றுக்கு மாறிவிடுகிறது; பிறகு மூச்சு வாங்குகிறது. எவ்வளவு மிதித்தாலும் திரும்பி இரண்டுக்கு வருவதில்லை. ஒரு பஸ் என்னை முந்தியது. மிதிபலகையில் நின்ற கண்டக்டர், "ஐயா, தள்ளி விடவாங்க?" என்றான்.

சிரிப்பு வரவில்லை. என் இடது முழங்கால் கிளட்ச் மிதிக்க மறுத்த பிறகுதான் ஆட்டோ கியர் உள்ள இந்த டீசல் வேனைத் தேடி வாங்கினேன். இதுவும் மறுத்தால் நான் வீட்டோடுதான். பஸ் போகாத தோட்டங்களுக்கு ஒரு செய்தியாளனை வேறு யார் ஏற்றிப் போவார்?

மார்ச் 9, ஞாயிறு

லாபிர் நானாவின் கராஜ். ஹட்டனுக்கு வந்த நாளிலிருந்து என் வண்டிகளை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. ஆட்டோ கியருக்கு என்னைப் பழக்கியவரும் அவர்தான். எந்தக் கியரில் ஏறினாயோ அதிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை நம்பக் கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

நோன்பு காலம். தான் தண்ணீரும் குடிக்காமல் இருக்கையில் எனக்கு எதிர்க்கடையில் தேத்தண்ணீர் சொன்னார். வேண்டாம் என்றேன், விடவில்லை.

வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். ஜனவரியில் இங்கே சர்வீஸ் செய்த பிறகுதான் இப்படி என்றேன். வெகுநேரம் கையைத் துடைத்தார்.

"அண்ணே, ஒங்கட கால் எப்புடி? முந்தி மாதிரி அமத்தி மிதிக்க ஏலுதா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இடது காலுக்கு வந்தது வலது காலுக்கும் வருமா? வரும்தானே.

மார்ச் 10, திங்கள்

கோயில் படிகளில் ஏறி இறங்கிப் பார்த்தேன். வலது கால் நன்றாகத்தான் இருக்கிறது. அல்லது அப்படி நினைத்துக்கொள்கிறேனோ.

மார்ச் 22, சனி

உடப்புசல்லாவையில் நாகலெட்சுமியின் தங்கை வீட்டில் புதுமனை புகுவிழா. திரும்பும்போது செங்குத்தான ரதல்ல குறுக்கு வீதி வழியாக இறங்கினோம். மழை இல்லை. மூடுபனி இல்லை. இதை எழுதி வைக்க வேண்டும். கியரை 2-இல் போட்டிருந்தேன் — இதையும்.

இன்ஜின் இரைந்து வண்டியைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வளைவில் இரைச்சல் சட்டென்று அடங்கியது. வண்டி ஓடத் தொடங்கியது. பிரேக். மறுபடி பிரேக். கருகிய வாடை. அதற்கடுத்த வளைவில் பிரேக் மிதி பஞ்சு மாதிரிக் கீழே போனது. ஒரு பக்கம் பள்ளம். மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியின் விலாவைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நிறுத்தினேன்.

நாகலெட்சுமி கத்தவில்லை. மடியிலிருந்த பலகாரப் பையை இறுக்கிப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீதியைப் பார்க்கவில்லை.

"வேகக் கட்டுப்பாட்டை இழந்து" — எத்தனை விபத்துச் செய்திகளில் இந்த வரியை எழுதியிருப்பேன்! கட்டுப்பாட்டை இழந்தவர் எப்போதும் சாரதிதான்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் அவளிடம் சொன்னேன். 2-இல் போட்டதாக நினைத்துக்கொண்டு வேறு எதிலோ போட்டிருப்பேன், இனி ஓட்டுவது எனக்குச் சரிவராது, வண்டியை விற்றுவிடலாம் என்று. வேண்டாம் என்பாள் என எதிர்பார்த்தேனா? தெரியவில்லை.

"சரிங்க" என்றாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

நோன்புப் பெருநாள். லாபிர் நானாவின் மனைவி ஸாலிஹா வட்டிலாப்பம் கொடுத்தனுப்பியிருந்தார். தித்திப்பாக, நன்றாக இருந்தது. போன கிழமை பிரேக்கை மாற்றித் தந்தவரும் நானாதான். வண்டியின் தேய்ந்த விலாவைத் தடவிப் பார்த்தார். எப்படி நடந்தது என்று கேட்கவில்லை. விற்கப்போகிறேன் என்றேன்; அது நல்லம் என்றார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

கந்தப்பளையில் மரக்கறி வியாபாரம் செய்யும் அம்ஹர் வண்டி பார்க்க வந்தார். கூடவே நிரோஷன் என்று நுவரெலியா கராஜ் ஒன்றின் மெக்கானிக், மடிக்கணினியோடு. வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகினான்.

"கியர் எப்ப மாறணும்ங்கிற கணக்க யாரோ மாத்தியிருக்காங்க சார். இன்ஜின் கொஞ்சம் இரைஞ்சாலே மேல் கியருக்குப் போயிரும். நீங்க 2-ல போட்டு வச்சாலும் கேக்காது."

விளக்கச் சொன்னேன். ஏற்றத்தில் இந்த மாற்றம் வண்டியை மந்தமாக்கும். இறக்கத்தில் இன்ஜின் இரைவதுதான் வண்டியைப் பிடித்து வைக்கிறது; இரைந்தவுடன் கியர் மேலே போனால் பிடி விட்டுப்போகும். பழுதாகி இப்படி ஆகுமா என்று கேட்டேன். ஆகாது, ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டும் என்றான்.

அம்ஹர் சிரித்தார். "யாரைப் பத்தியாவது எழுதித் தொலைச்சீங்களா? கணக்குத் தீர்த்திருக்காங்க போல."

நானும் சிரித்தேன். சிரித்தபடியே திரும்பினேன். தேத்தண்ணீர்த் தட்டோடு வாசலில் நின்ற நாகலெட்சுமி சிரிக்கவில்லை.

அதே நாள்

அவர்கள் போன பிறகு கேட்டேன். சொன்னாள்.

நவம்பர் மண்சரிவு நாட்களில் நான் வீட்டுக்கும் வராமல், போனும் எடுக்காமல், வண்டியை வீதியோர வடிகானுக்குள் விட்டுக்கொண்டு கிடந்தேன். அடுத்த கிழமையே மறுபடி கிளம்பினேன். அவள் லாபிர் நானாவிடம் போய் அழுதிருக்கிறாள், வேகம் போகாத மாதிரி ஏதாவது செய்து கொடுங்கள் என்று.

"வண்டி சோம்பலாயிட்டா நீங்களே நிறுத்திருவீங்கன்னு நெனைச்சோம்."

நெனைச்சோம். இரண்டு பேரும் சேர்ந்து.

என்னிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொல்லாமலா? எத்தன தடவ சொன்னேன். கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அது உண்மை. ஆனால் ரதல்லையில்? மண்மேட்டில் வண்டி நின்ற பிறகு? வண்டியில் எதையோ மாற்றியிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். மறுநாள் காலையில் என் தப்புதான் என்று அவள் முன்னால் நின்றேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? தேங்கா துருவிக்கிட்டு, சரிங்கன்னு —

ஏப்ரல் 7, திங்கள்

லாபிர் நானா தானாகவே வந்தார். உள்ளே வரவில்லை. ஜனவரி சர்வீஸின்போது கண்டியிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டுச் செய்வித்ததாகச் சொன்னார்.

"ஏத்தத்த மட்டும்தான் யோசிச்சேன் அண்ணே. எறக்கம் மனசுக்கு வரல்ல. பிரேக் கருகி வந்ததக் கண்டதுக்குப் பொறகுதான் வெளங்கிச்சு. வண்டி கைமாற முந்தி பழையபடி மாத்தத்தான் இருந்தேன்."

எந்தக் கியரில் ஏறினாயோ அதில் இறங்கு என்று பழக்கியவருக்கு இறக்கம் மனதுக்கு வரவில்லையாம். நம்புகிறேன். நம்பாமல் இருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஆனால் பிரேக்கைக் கண்ட பிறகும் வாயைத் திறக்கவில்லையே. பிரேக்கை மட்டும் மாற்றி, அந்தக் கியரோடு வண்டியை என் கையில் தந்து அனுப்பினாரே.

நோன்பு வாயோடு என்னிடம் பொய் சொன்னாரா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. கால் எப்படி என்று கேட்டார், அவ்வளவுதான். பதிலை நானே சொல்லிக்கொண்டேன். கேள்வியை மட்டும் வைத்துவிட்டு ஆளைப் பேசவிடுவது இத்தனை காலமாக நான் செய்யும் வேலை.

இப்பவே கொண்டு வாங்க, மாத்தித் தாரேன் என்றார். பார்க்கலாம் என்றேன்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. கோயிலுக்கு பஸ்ஸில் போனோம். ஒரே சீட்டில் உட்கார்ந்து, அவள் ஜன்னலையும் நான் முன் சீட்டையும் பார்த்தபடி.

ஏப்ரல் 22, செவ்வாய்

நுவரெலியாவுக்குக் கொண்டுபோனேன். நிரோஷன் பழையபடி ஆக்கிக் கொடுத்தான். விற்பதில்லை என்று அம்ஹருக்குச் சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது ரதல்ல வழியே வந்தேன். வேண்டுமென்றேதான். 2-இல் போட்டேன். அடிவாரம் வரை இரைந்துகொண்டே வந்தது, விடவில்லை. கீழே வந்து ஓரமாக நிறுத்தியபோது வலது கால் நடுங்கியது. என் கால் காரணமில்லை என்று நிரூபித்துவிட்டேன். யாருக்கு?

ஏப்ரல் 27, ஞாயிறு

பொகவந்தலாவை. கூரைத் தகடுகள் இன்னும் போடவில்லை. மறுபடி எழுத வேண்டும். போகும் வழியில் கராஜ் வாசலில் லாபிர் நானா நின்றார். கை காட்டினார். நானும் காட்டினேன். நிறுத்தவில்லை.

வண்டிச் சாவி இத்தனை வருஷமும் குசினியில் அடுப்பருகே கதவோரத்து ஆணியில்தான் தொங்கும். அம்ஹர் வந்துபோன நாளிலிருந்து என் சட்டைப் பையில் இருக்கிறது. இன்று மாலை துவைக்கச் சட்டையை எடுத்தபோது நாகலெட்சுமியின் கையில் அகப்பட்டிருக்கிறது. நான் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது ஆணி இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. சாவியை என் எழுத்து மேசையில், மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.