பதினேழுக்குப் பிடித்த விரதம்

நவம்பர் 5, புதன்

இரவெல்லாம் தூறல். வேலைக்குப் புறப்படும்போது கார்க் கண்ணாடியில் உறைபனி. வங்கி அட்டையால் சுரண்டினேன். அதற்காவது அந்த அட்டை உதவுகிறது.

பாண் சுடும் தொழிற்சாலையில் இடைவேளை பதினைந்து நிமிடம். கழிப்பறைக்குப் போகவர மூன்று நிமிடம் கழித்தால் பன்னிரண்டு. கைபேசிச் சூதாட்டமான வேக ரூலெட்டில் ஒரு சுற்று இருபது வினாடி. ஆக, முப்பத்தாறு சுற்று.

விதிகள் (புதிது. பழையவை எல்லாம் தோற்றுவிட்டன):

1. முதல் பத்துச் சுற்றும் பார்ப்பது மட்டும். கை வைக்கக் கூடாது.
2. சிவப்பு ஆறு தரம் தொடர்ந்து விழுந்தால் கறுப்பில் போடு. தோற்றால் இரட்டிப்பு. நாலாவது இரட்டிப்போடு எழும்பு.
3. 17இல் எப்போதும் சின்னதாக ஒரு பந்தயம் இருக்கட்டும். (எங்கள் கல்யாணத் தேதி.)
4. ராகுகாலத்தில் தொடாதே. ஊர்க் கலண்டர் நேரம் இங்கே சரிவராது. சூரியன் உதித்து மறையும்வரை எட்டாகப் பிரிக்க வேண்டும். குளிர்காலத்தில் பகல் சுருக்கம், ராகுகாலமும் எழுபது நிமிடம்தான். ஜெர்மனியில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை.
5. விளையாடும் நாளில் மீன், இறைச்சி இல்லை. விடிய முழுக்கு.

ஐந்தாவது சும்மா எழுதியதில்லை. போன மாதம் வென்ற மூன்று நாளும் மரக்கறி. கோழிக் கொத்து தின்ற அன்று வழித்துத் துடைத்துக்கொண்டு போனது.

இன்று முதலாம் விதியை மூன்றாவது சுற்றிலேயே மீறினேன். தோல்வி.

இரவுச் சாப்பாட்டுக்கு மனைவி வாசுகி மீன் பொரித்திருந்தாள். வேண்டாம் என்றேன்.

"இண்டைக்குப் புதன்தானே. ஏன் வேண்டாம்?"

"மனமில்லை."

ஒரு மாதிரிப் பார்த்தாள். திங்கட்கிழமை அவளுடைய மார்புக் கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு சொல்ல டொக்டர் தந்த டெர்மின் 14ஆம் தேதி, வெள்ளி. அதைப்பற்றி அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

17 இரண்டு தரம்! ஒன்பது சுற்றுக்குள்!! கழிப்பறைக்குள் கையைக் கடித்துக்கொண்டு நின்றேன். முழுக்கு, மரக்கறி, நேரம், எல்லாம் சரி. ஐந்தாம் விதிக்கு அடிக்கோடு.

(இடைவேளை முடிவதற்குள் பாதி போனது. அது என் பேராசை, விதியின் பிழை இல்லை.)

பின்னேரம் வாசுகியோடு ஊன்ட்றொப்பில் இருக்கும் எங்கள் கோவில். கூட்டமில்லை. என் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தாள். தன் பெயருக்கு இல்லை. திரும்பி வரும்போது மழை.

"நீங்கள் சொல்லாட்டிலும் எனக்கு விளங்கும்" என்றாள்.

கைபேசியைப் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"விடிய எழும்பி முழுகிறீங்கள். மச்சம் மாமிசம் தொடுறேல்லை. எனக்காகத்தானே விரதம் பிடிக்கிறீங்கள்?"

நான் கார்க் கண்ணாடித் துடைப்பானை வேகமாக்கினேன்.

"சொல்லக்கூடாது எண்டு நேர்த்தியோ? சரி, சொல்ல வேண்டாம். நாளையிலையிருந்து நானும் பிடிக்கிறன்."

என் தோளில் சாய்ந்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

நவம்பர் 8, சனி

வாசுகி ஒருநேரச் சாப்பாடு. நான் சீஸ் பாண் இரண்டு.

இரண்டாம் விதி செத்தது. ஆறு சிவப்பு வந்ததும் கறுப்பில் போட்டேன். ஏழாவதும் சிவப்பு. எட்டு, ஒன்பது, பத்து. பதினோராவது பச்சைச் சைபர். நாலாவது இரட்டிப்போடு எழும்பவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும். குளிர்கால டயருக்கு வைத்திருந்தது போய்விட்டது.

வாங்க: பால், உள்ளி, அவளுக்கு மாதுளம்பழம்.

நவம்பர் 10, திங்கள்

குலம் அண்ணை கண்டுபிடித்துவிட்டார். தொழிற்சாலையில் என்னோடு அடுப்படியில் நிற்பவர். முந்தி சூதாட்டக் கடைகளில் மெஷினோடு மல்லுக்கட்டியவர். கழிப்பறைக் கதவுக்கு வெளியே காத்து நின்றார்.

"வயித்துக்குத்தோ, அல்லது மற்றதோ?"

"மற்றது."

"டேய், என்னை விளையாட விடாதேங்கோ எண்டு நானே எழுதிக் குடுத்து அடைச்சனான். ஒரு அன்ட்ராக் படிவம் நிரப்பி அனுப்பினாச் சரி. நாடு முழுக்க ஒரு இடத்திலையும் விடமாட்டாங்கள்."

"நான் விளையாடுறது வெளிநாட்டுத் தளம் அண்ணை. அந்தத் தடை அங்கை செல்லாது."

தலையை ஆட்டினார். முற்றத்துக்கு வந்து சிகரெட்டைப் பற்றவைத்தார். இரண்டு இழுப்புக்குப் பிறகு மெல்ல,

"அதிலை என்னையும் விடுவாங்களோ?" என்று கேட்டார்.

விடுவார்கள் என்று சொல்லவில்லை. தளத்தின் பெயரையும் சொல்லவில்லை. இந்தக் கிழமையில் நான் செய்த ஒரே நல்ல காரியம்.

நவம்பர் 11, செவ்வாய்

சூரியனைக் காணவில்லை. ராகுகாலத்தை எதை வைத்துக் கணக்கிடுவது.

வாசுகி உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தாள். இன்று சொல்லிவிடுவது என்று காலையிலிருந்து மனப்பாடம்.

"வாசுகி, அந்த விரதம்..."

சூடான மினுக்கியை நிமிர்த்தி வைத்தாள். "ஐயோ, முறிச்சுப்போடாதேங்கோ. வெள்ளி வரைக்கும் பொறுங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு."

இதுவரை சொல்லாத சொல்.

"நீங்கள் பிடிக்கிறியள் எண்டதாலைதான் நான் கொஞ்சமாவது நித்திரை கொள்ளுறன்."

உண்மையைச் சொன்னால் என்மேல் உள்ள நம்பிக்கை மட்டும் போகாது, அவளுடைய நித்திரையும் போகும். இப்படி எழுதும்போது நான் ஏதோ அவளுக்காக மறைப்பதுபோல இருக்கிறது. எழுத்தில் கூடப் பசப்புகிறேன்.

நவம்பர் 13, வியாழன்

நல்ல யோசனை ஒன்று. விரதம் ஏற்கெனவே இருக்கிறது. விளையாட்டை மட்டும் விட்டால் அது அவளுக்கான விரதமாகவே ஆகிவிடும். பொய் தானாக மெய்யாகும். ஏன் இது முதலே தோன்றவில்லை!

இடைவேளையில் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து இருந்தேன். நாலு நிமிடம். பிறகு கழிப்பறை.

இதைவிடக் கேவலம் ஒன்று. பன்னிரண்டாவது சுற்றில் மனதுக்குள் சொன்னேன்: இப்போது 17 விழுந்தால் நாளைக்கு அவளுக்கு ஒன்றும் இல்லை என்று முடிவு வரும். விழவில்லை. அடுத்த சுற்றுத்தான் உண்மையான சுற்று என்றேன். அதிலும் இல்லை. இருபது வினாடிக்கு ஒரு தரம் அவளைக் கொண்டுபோய் அந்த மேசையில் வைத்துக்கொண்டிருந்தேன். என்ன மனிதன் நான்.

நாளை: லீவு சொல்லியாயிற்று. மருத்துவமனை 10.20. காப்புறுதி அட்டை. பழைய அறிக்கை. வாசுகிக்கு டொக்டர்மாரின் ஜெர்மன் பாதிதான் விளங்கும், நான்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 14, வெள்ளி

இரவு. வாசுகி படுத்துவிட்டாள். மழை விட்டுவிட்டது.

பத்து மணிக்கே போய் இருந்தோம். தாழ்வாரத்தில் பச்சைக் கதிரைகள். அவள் கை குளிர்ந்திருந்தது. இரண்டு பேர் எங்களுக்கு முன்னால். கழிப்பறைக்குப் போய்வருகிறேன் என்றேன்.

"கெதியா வாங்கோ."

ஆறு சுற்று, இரண்டு நிமிடம், அவ்வளவுதான் கணக்கு. ஒரே ஒரு 17, அது விழுந்தால் நிம்மதியாக உள்ளே போகலாம். ஆறில் விழவில்லை. அந்த ஆறும் ஒத்திகை என்றேன். அடுத்த ஆறு. பிறகு எண்ணவில்லை. கணக்கில் ஒன்றும் மிஞ்சாமல் போனபோதுதான் நேரம் பார்த்தேன். 10.51. சுவரில் தலையை வைத்துக் கால்மணி நேரத்துக்கு மேல் அழுதேன். போனதுக்காகவா, அவளுக்காகவா, எனக்கே தெரியவில்லை. இரண்டையும் பிரிக்க முடியாதபடி நான்தானே கலந்துவைத்தேன்.

வெளியே வந்தால் வாசுகி தாழ்வாரத்தில் நிற்கிறாள். ஒரு கையில் மேலங்கி, மறு கையில் கடதாசிகள். தனியாக உள்ளே போய்வந்துவிட்டாள்.

என் முகத்தைப் பார்த்தாள். தன் கவலையை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள்.

"அழாதேங்கோ. கூடாத கட்டிதானாம். ஆனால் சின்னனாம். வெட்டி எடுக்கலாமாம்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே."

"உங்களைக் கூப்பிடப் போனவை. நான்தான் வேண்டாம் எண்டனான். நீங்கள் உள்ளுக்கை அழுறது வெளியிலை கேட்டது." கண்ணைத் துடைத்துவிட்டாள். "கடைசியா டொக்டர் என்னவோ நீளமாச் சொன்னவர். விளங்கேல்லை. தலையை மட்டும் ஆட்டினனான்."

கடதாசிகளை வாங்கி வாசித்தேன். அவர் சொன்னது எதுவென்று அதில் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பக் கேட்க அடுத்த டெர்மின் வரை பொறுக்க வேண்டும்.

வரும் வழியில் தங்கச்சிக்குக் கைபேசியில் சொன்னாள். தன் வருத்தத்தை இரண்டே வசனத்தில் முடித்தாள். மிச்சம் முழுக்க என்னைப் பற்றி.

"இல்லையடி, நான் திடமா இருக்கிறன். இவருக்குத்தான் தாங்கேலாமல் போச்சு. எனக்கு முன்னாலை அழக்கூடாது எண்டு கழிப்பறைக்குள்ளை போய் அழுதவர். ஓம், பத்து நாளா விரதம். இப்பிடி ஒரு மனுசன் ஆருக்கடி கிடைக்கும்?"

நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். இல்லை என்று சொல்லவில்லை.