விடுதி விண்ணப்பத்தில் நான் எழுதியது

என் செல்ல மகளுக்கு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால் உன் பைக்குள் வைக்கிறேன்.

நேற்றும் பேருந்தில் தூங்கிப்போய் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினாயாம். கேட்டால், "பரவாயில்லப்பா, போக வர நாலு மணி நேரம், நல்லாப் படிக்கலாம்" என்கிறாய். கல்லூரி விடுதியில் இலவச அறை தராத அந்தக் குமாஸ்தாவைத்தான் தினமும் திட்டுகிறாய். நானும் கூடச் சேர்ந்து திட்டினேனே, அதுதான் நெஞ்சை அறுக்கிறது.

அவர்மேல் தப்பில்லை, கண்ணு. அன்றைக்கு விண்ணப்பத்தை நிரப்பும்போது உன் புதுத் தோழி பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். கிடங்கில் மூட்டை தூக்குகிறவன் என்று எழுதக் கை கூசியது. மேற்பார்வையாளர் என்று எழுதி, அதற்கேற்ற சம்பளத்தையும் போட்டுவிட்டேன். அவ்வளவு சம்பளக்காரன் மகளுக்கு யார் இலவச அறை கொடுப்பார்கள்?

இப்போது புது விண்ணப்பம் வாங்கி, உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன். யாரும் எட்டிப் பார்க்காத தைரியத்தில் எழுதியதுதான். அது போதாது. நாளைக்கு நானே உன்னோடு வந்து கொடுக்கிறேன்.

உன் தோழியையும் வரச் சொல்.

உன் அப்பா