அடுத்த பக்கத்துக்குப் பயப்படுகிறாள்

கோபித்துக்கொண்டு திருப்பூர் போன மகாராணிக்கு,

போன் போட்டால் நீ எடுப்பதில்லை, அதனால் மூன்று நாளாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தேவர்சோலையில் ஒரே மழை. நான் வைக்கும் ரசத்துக்கும் மழைத் தண்ணீருக்கும் ருசியில் வித்தியாசமே இல்லை. சிரித்துக்கொள்.

உன் கடிதம் போன மாதமே வந்தது. நான் எழுத்துக்கூட்டி முடிக்க அரை நாளாகும். கிறிஸ்துமஸுக்கு வருகிற சேதியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நாலாவது படிக்கிற நம் ஈவ்லின் கடகடவென்று படிப்பாளே, அந்தப் பெருமையில் எஸ்டேட் லைன் வீட்டு ஆட்களையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து, "அம்மா எழுதினதை நல்லா சத்தமா படி கண்ணு" என்றேன்.

'இனி வரமாட்டேன்' என்ற இடம் வரைக்கும் தடுமாறாமல் படித்தாள்.

பக்கத்து வீட்டு மூக்கம்மா அக்காதான் கடிதத்தைப் பிடுங்கினார். "ஏந்தம்பி, அறிவிருக்குதா உங்களுக்கு? புள்ளைகிட்டயா இதைக் குடுக்கறது?"

அன்றிலிருந்து ஈவ்லின் கதைப் புத்தகத்தைத் தொடுவதில்லை. சோற்றை மறந்து படித்த பிள்ளை! நானே தட்டுத்தடுமாறி நரிக்கதை படித்தேன், ஊளையிட்டும் காட்டினேன். "வேண்டாம்ப்பா, அடுத்த பக்கத்துல என்ன எழுதியிருக்குமோ" என்று காதைப் பொத்திக்கொண்டாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

என்னிடம் திரும்பி வா என்று சொல்லவில்லை. உன் கையால் ஒரு கதைப் புத்தகம் வாங்கி அனுப்பு. கெஞ்சிக் கேட்கிறேன், உள்ளே துண்டுக் காகிதம்கூட வைக்காதே. கைக்கு வந்ததும் ஈவ்லின் உதறித்தான் பார்ப்பாள். எதுவும் விழாமலிருந்தால், ஒருவேளை முதல் பக்கத்தைத் திருப்புவாள்.

இப்படிக்கு,
நீ வாயாடி என்று திட்டும் ஆள்